நாலாவது கெக்கில் இருந்த பியர்

சமையலறை அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகு பானையை மூடினேன். அதன் பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன். மேல்வீட்டு மனுசி நின்றாள். லாசாலில் நாங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்தில் அவளோடு ‘போன்ஜூர்’ தாண்டி நான் எதுவும் கதைத்ததில்லை. மூக்கை உறிஞ்சி, ‘நல்லா மணக்குது, பியர் காய்ச்சுறீங்களா?’ என்று பிரெஞ்சில் கேட்டாள். ‘இல்லை, சூப்’ என்றேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தாள். மேசையில் முளைகட்டிய பார்லிப் பை, அதன் மேல் படமும் எழுத்துமாக ‘பியர்’ என்றே போட்டிருந்தது. மனுசி சிரித்தாள். தன் மாமாவும் வீட்டில் காய்ச்சுகிறவர்தானாம், முடிந்ததும் தனக்கு ஒரு போத்தல் வைக்கச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன். இந்த நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்குத் தடையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை தன்பாட்டில் அடுப்பை அணைக்கிறது.

மட்டக்களப்பில் எங்கள் ஊருக்குப் பின்னால் வாவிக்கரையில் கண்டல் மரங்கள் நெருக்கமாக நிற்கும். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் அதற்குள்ளேதான் பரல்களைச் சேற்றில் புதைத்து வைப்பார்கள். மாதத்தில் ஒருமுறையாவது பொலிஸ் ஜீப் வரும். பரல்களைத் தோண்டியெடுத்துக் கோடரியால் பிளப்பார்கள். புளித்த நாற்றம் இரண்டு நாளைக்கு ஊரைவிட்டுப் போகாது. மீன்கள் வெறியில் மிதக்கின்றன என்று சிறுவர்கள் நாங்கள் கரைக்கு ஓடுவோம். காய்ச்சுகிறவனைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை, ஆனால் யாரும் அவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். இங்கே மேல்வீட்டுக்காரி ஒரு போத்தல் கேட்கிறாள். அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், நான் இன்னும் அதைச் சூப் என்றுதான் சொல்கிறேன்.

நான் பெரிய குடிகாரன் இல்லை. பியர் காய்ச்சத் தொடங்கியது குடிப்பதற்காகவும் இல்லை. போன பங்குனியில் ஊரில் அண்ணன் போய்விட்டார். எனக்கிருந்த ஒரே அண்ணன். அரிசி ஆலையில் உழவு இயந்திரம் ஓட்டினவர். காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு, நெஞ்சு நோகுதென்று படுத்தவர் எழும்பவில்லை. நான் விமானம் பிடித்துப் போய்ச் சேரும்வரை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த நாளே அடக்கம். நான் அப்போது இரவு வேலையில் இருந்தேன், கேக் பெட்டிகளை மூடி அடுக்குகிற தொழிற்சாலை. சாப்பாட்டு இடைவேளையில் கன்டீன் மூலையில் இருந்து தொலைபேசியில் அடக்கத்தைப் பார்த்தேன். அண்ணனின் மருமகன் தொலைபேசியைப் பிடித்திருந்தான். அவனும் அழுதுகொண்டு பிடித்ததால் எனக்குத் தெரிந்தது முழுக்கச் சனங்களின் கால்களும் மணலும்தான். இடையில் படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது குழியை மூடியிருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் நான் எழும்பிப் போய் என் இடத்தில் நின்று பெட்டிகளை மூடினேன். ஒரு பெட்டியில்கூடப் பிழை வரவில்லை.

அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பார். என்னை ‘மகனே’ என்கிறதுபோல ‘மனே’ என்றுதான் கூப்பிடுவார், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அங்க இப்ப என்ன நேரம் மனே?” எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த ஞாயிறு அதையே கேட்பார். அவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது போல இராது, அப்படி இருந்தது. மனைவி வசந்தி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஒருக்கா அழுதிருங்க. நெஞ்சுக்குள்ள வெச்சிக்கிட்டு இரிக்காதீங்க.”

“அழுகை வந்தா அழுவன்தானே” என்றேன்.

“அதுதான் எனக்குப் பயமா இரிக்கு” என்றாள்.

அந்த நேரம் வேலையிடத்தில் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் ரொறன்ரோவுக்கு இடம்மாறிப் போனான். போகும்போது, “அண்ணை, இதுகளைக் கொண்டுபோக ஏலாது, நீங்கள் வச்சிருங்கோ” என்று ஒரு பிளாஸ்டிக் வாளியும் குழாயும் பானையும் ஒரு பெட்டி வெறும் போத்தல்களும் தந்துவிட்டுப் போனான். அவனுடைய பியர்ச் சாமான்கள். வைக்க இடமில்லாமல் இரண்டு மாதம் குளியலறையில் கிடந்தன. ஒரு சனிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் தொடங்கினேன். பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் வருகிற மணம் நெல் அவிக்கிற மணம்தான். அதற்காகச் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். ஊற்றுவதும் கழுவுவதும் பார்ப்பதுமாக ஒரு நாள் போய்விடும், யாரோடும் கதைக்கத் தேவையில்லை. பிறகு வாளிக்குள் அது தன்பாட்டில் புளிக்கும். அருகில் கதிரையைப் போட்டு அது குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கரைச்சல் என்னவென்றால் போத்தல்கள். ஒரு வாளி பியருக்கு ஐம்பது போத்தல் கழுவ வேண்டும். கழுவித் துடைத்து நிரப்பி மூடிபோட்டு முடிய முதுகு முறிந்துவிடும். காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் கெக்குக்கு மாறுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்தேன். கெக் என்பது ஒரு எவர்சில்வர் உருளை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், இரண்டு கைகளால் கட்டிப்பிடிக்கலாம். ஒரு காலத்தில் சோடாக் கொம்பனிகள் பாணியை, அதாவது சீனிப் பாகை, இதில் நிரப்பித்தான் கடைகளுக்கு அனுப்பினவையாம். வாளிப் பியர் முழுவதையும் அதற்குள் ஊற்றிக் காற்றை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. புதிது வாங்க எங்களுக்குக் கட்டாது. பழையது தேடினேன். பழைய கெக் வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெளியே நசிந்திருந்தால் பரவாயில்லை, வாய் வளைந்திருக்கக் கூடாது. உள்ளே விரலை விட்டுத் தடவிப்பார்க்க வேண்டும், சொரசொரத்தால் விட்டுவிட வேண்டும். ரப்பர் வளையங்களை எப்படியும் மாற்றத்தான் வேணும், பழைய சோடா மணம் ரப்பரைவிட்டு ஒருநாளும் போகாது. முக்கியமானது, மூடியிலுள்ள வளையத்தை இழுத்துப் பார்ப்பது. ‘உஸ்’ என்று காற்று வந்தால் நல்ல கெக், இத்தனை நாளும் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐப்பசி முடியும் நேரம் ஒரு விளம்பரம் கண்டேன். நாலு கெக், ஒரு வாயுச் சிலிண்டர், ஒன்றாகத்தான் விற்பார்களாம். கேட்ட விலை மிகக் குறைவு. இடம் அஹுன்ட்சிக், ஆற்றுப் பக்கம். எங்கள் நகரமே ஆற்று நடுவில் ஒரு தீவு; சனிக்கிழமை காலை, அதன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் காரை ஓட்டிப் போனேன்.

இரண்டு மாடி வீடு. தெருவிலிருந்து நேரே மேல்மாடிக்கு ஏறுகிற இரும்புப் படி வெளியே வளைந்து நின்றது. விற்கிறவரின் பெயர் ரேஜான், விளம்பரத்திலேயே இருந்தது. எழுபது வயதிருக்கும், உயரம், கம்பளிச் சட்டையின் பொத்தானை ஒன்று மாறிப் பூட்டியிருந்தார். கீழ் அறைக்குக் கூட்டிப்போனார். கெக்குகள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒரு தூசியும் இல்லை. நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இதெல்லாம் நீங்க காய்ச்சுறதா?” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

“நோன். செத்தே ஆ மோன் சொம்” என்றார்.

இங்கே வந்த புதிதில் இந்தச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ‘செத்தே’ என்றால் பிரெஞ்சில் ‘இருந்தது’ என்று பொருள். பஸ்ஸிலும் மெத்ரோவிலும் யாராவது பழைய கதை சொன்னால் வரிக்கு வரி செத்தே, செத்தே என்று கேட்கும். எத்தனை பேர் செத்தார்கள் என்று நினைப்பேன். பிறகு பழகிவிட்டது. ‘மோன் சொம்’ என்றால் ‘என்ர கூட்டாளி’, வேலையிடத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே நான் விளங்கிக்கொண்டது, இவை அவருடைய கூட்டாளியுடையவை.

“அவருக்கு வேண்டாமா இனி?”

“இல் ஏ பார்த்தி” என்றார். போய்விட்டார்.

“எங்க? ரொறன்ரோவுக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது, அதைச் சிரிப்பென்று நான் எடுத்துக்கொண்டேன். “அதைவிடத் தூரம்” என்றார்.

“வன்கூவர்!” என்றேன், விடுகதைக்குப் பதில் சொன்னவன் மாதிரி. “அது வடிவான இடம். குளிர் குறைவு.”

“ஓம்” என்றார் அவர். “வடிவான இடமாத்தான் இருக்கும்.”

மூன்று கெக்குகள் வெறும் கெக்குகள். வளையத்தை இழுத்தேன், மூன்றும் ‘உஸ்’ என்றன. நாலாவது பாரமாக இருந்தது. காய்ச்சுகிறவர்கள் சிலர் கழுவும் மருந்துத் தண்ணீரை நிரப்பியே வைப்பார்கள், உட்புறம் சுத்தமாக இருக்கட்டும் என்று. அதுதான் என்று நினைத்தேன். “இது என்ன இவ்வளவு பாரம்?” என்று ரேஜான் கேட்டதற்கு, “தண்ணி, சவர்க்காரம்” என்றேன். அவர் தலையாட்டினார். படிக்கட்டில் என்னோடு சேர்ந்து அதைத் தூக்கினார். காரில் ஏற்றி முடிந்ததும், பின் கதவை நான் சாத்தப் போக, உள்ளே குனிந்து கெக்கின் மேல் இரண்டு தரம் உள்ளங்கையால் தட்டினார். பிறகு விரைவாக வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரமே மூன்றையும் கழற்றிக் கழுவினேன். நாலாவதைக் கடைசிக்கு விட்டேன். என் வாளியில் பியர் புளித்து முடிந்திருந்தது, அன்றைக்கே ஒரு கெக்கில் மாற்ற வேண்டும். குளியல் தொட்டியில் அந்த நாலாவதை வைத்துக் குழாயை மாட்டினேன். தண்ணீர் வரவில்லை. செம்மஞ்சள் நிறத்தில், நுரையோடு, குளிர்ந்து வந்தது. பியர். கையில் பிடித்து மணந்து பார்த்தேன். பியர் மணம் மட்டும் இல்லை. நத்தார் காலத்தில் ஜான்-டலோன் சந்தையில் கிறிஸ்மஸ் மரங்களைக் கட்டிவைத்து விற்பார்களே, அந்த மரங்களின் நடுவே நடந்தால் வருகிற மணம். ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு, பிறகு தேன் மாதிரி ஒன்று.

நல்ல பியர். ஆனால் வேறொருவரின் பழைய பியர். எனக்குக் கெக்தான் தேவை. குழாயைத் தொட்டி வடிகானுக்கு நேரே திருப்பினேன். அப்போதுதான் மகள் அபி கை கழுவ வந்தாள். அவள் இங்கே பிறந்தவள், எங்களோடு தமிழ் கதைத்தாலும் கோபம் வந்தால் பிரெஞ்சுதான். இது யாருடையது என்று கேட்டாள். ரேஜானையும் அவருடைய சொம்மையும் வன்கூவரையும் சொன்னேன், பகிடியாகத்தான் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“அப்பா, அந்தாள் எப்படிச் சொன்னார்? ‘மோன் சொம்’ எண்டா?”

“ஓம். கூட்டாளி.”

“வீட்டில இருக்கிற ஆள் ‘மோன் சொம்’ எண்டு சொன்னா அது கூட்டாளி இல்ல அப்பா. ஹஸ்பண்ட் மாதிரி. அவரோட சேந்து வாழ்ந்தவர்.” தொட்டியைப் பார்த்தாள். “‘இல் ஏ பார்த்தி’ எண்டா… அப்பா, அவர் செத்துட்டார். நீங்க அந்தாளுக்கு வன்கூவர் வடிவு எண்டு சொல்லியிருக்கிறீங்க.”

குழாயை நெரித்துப் பிடித்தபடி நின்றேன். தொட்டியில் கொஞ்சம் நுரை கிடந்தது. அது வடிகானைச் சுற்றி உள்ளே போனது. ஏதாவது உணர்ந்தேனா என்று கேட்டால், விரல்கள் விறைத்திருந்தன, அது தெரிந்தது. வசந்தியும் வந்து வாசலில் நின்றாள். மகள் அவளுக்கு இன்னொரு தரம் சொன்னாள்.

“கொண்டுபோய்க் குடுங்க” என்றாள் வசந்தி.

“அவர் குடிக்கிற ஆள் மாதிரித் தெரியல்ல. தேவையில்லாமக் கிளறி விடுறதா?” என்றேன். எனக்குப் போக விருப்பமில்லை. அந்த வீட்டுக்குப் போய் ஒரு மனிதன் அழுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் வராமல் நான் நிற்க வேண்டிவரும் என்று தெரிந்தது. அன்று கன்டீனில் இருந்த மாதிரி.

“அந்த மனிசன் கையால காய்ச்சினது. கிளறுறதும் விடுறதும் அவர்ர விருப்பம். உங்கட இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

என் பியரை வேறொரு கெக்கில் ஊற்றினேன். அடுத்த நாள் ஞாயிறு, பின்னேரம், நாலாவது கெக்கையும் குழாயையும் ஏற்றிக்கொண்டு மறுபடி அஹுன்ட்சிக் போனேன். வழியெல்லாம் பிரெஞ்சில் இரண்டு வசனம் பாடமாக்கினேன். கதவு திறந்ததும் இரண்டும் மறந்துவிட்டன. என் கையில் கெக்கைக் கண்டதும் ரேஜான் அது பழுதென்று நினைத்தார். காசைத் திருப்பித் தரவா என்று கேட்டு உள்ளே திரும்பினார். “இல்லை, இல்லை” என்றேன். “சவர்க்காரம் இல்லை. பியர். உங்கட சொம்மின் பியர்.” அந்தச் சொல்லை நான் இப்போது எப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விலகி வழிவிட்டார்.

சமையலறை மேசையில் கெக்கை வைத்துக் குழாயை மாட்டிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். கண்களை மூடினார். இறந்தவரின் பெயர் லூக் என்று சொன்னார். வைகாசியில் ஊசியிலை மரங்கள் தளிர்விடுமாம், லூக் தன் அக்காவின் காணிக்குப் போய் அந்தத் தளிர்களைக் கிள்ளி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாராம். இந்த மாகாணத்தில் பழைய ஆட்கள் காய்ச்சுகிற முறை. அதன் பிறகுதான் வயிற்றில் நோவு என்று ஆஸ்பத்திரிக்குப் போனது. கோடை முடியமுதல் எல்லாம் முடிந்துவிட்டது. “நான் வைன் குடிக்கிறவன். கீழ் அறை அவனுடையது, நான் போகவே மாட்டேன். தளிர்களை எறிந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்” என்றார். இவ்வளவையும் எனக்காக மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அழவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத்தான், குவளையை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி.

நான் நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. முதுகைத் தடவலாமா என்று தெரியவில்லை, எங்கள் ஊரில் என்றால் கட்டிப்பிடித்திருப்பேன். குழாயைச் சுற்றி ஒழுங்காக வைத்தேன். கொஞ்சநேரத்தில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு இதெல்லாம்…” என்று இழுத்தார்.

“என்ர அண்ணனும்” என்றேன். “பங்குனியில். நான் போகவில்லை.”

இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் எல்லாரும் கைகொடுத்தபோது ‘மெர்சி, மெர்சி’ என்று மட்டும் சொன்னேன். பிரெஞ்சில் எனக்கு இறந்தகாலம் சரியாக வராது, ஆகவே நிகழ்காலத்தில் சொன்னேன்: அண்ணன் படுக்கிறார், எழும்பவில்லை, நான் பெட்டி மூடுகிறேன். ரேஜான் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எட்டாம் நாள் படைப்போம் என்றேன். அவருக்குப் பிடித்த கறி, பிடித்த குடி, எல்லாம் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே போய் நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படுவார்.

ரேஜான் யோசித்தார். எழும்பிப்போய் அலமாரியிலிருந்து இரண்டு குவளைகள் எடுத்துக் கழுவினார். ஒன்றை நிரப்பி ஜன்னலோரக் கதிரைக்கு முன்னால் வைத்தார். மற்றதை என்னிடம் நீட்டினார். நான் நிரப்பி, எந்தக் கதிரை என்று தெரியாமல், கதவுக்குக் கிட்டவாக இருந்ததன் முன்னால் வைத்தேன். அண்ணன் வாழ்நாளில் பியர் குடித்ததை நான் கண்டதில்லை. அவர் கள்ளுக் குடிக்கிறவர். கெக்கைத் திருப்பி எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை, அது இன்னும் ரேஜானின் வீட்டில்தான் இருக்கிறது, குழாயையும் அங்கேயே விட்டேன்.

குளிர்ச்சட்டைகளைப் போட்டுக்கொண்டு இருவரும் வெளியே வந்து இரும்புப் படியின் தலைமாட்டில் நின்றோம். ரேஜான் கதவைச் சாத்தினார். பின்னேரமே இருட்டத் தொடங்கியிருந்தது. மெல்லிய பனி விழுந்தது, படிகளில் நிற்காமல் கரைந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டார். ஒரு குவளை குடிக்கிற நேரம் என்றேன். லூக்குக்குக் கரைச்சல் இல்லை, அவருடைய வீடு, அவருடைய கதிரை. அண்ணனுக்கு அங்கே எட்டாம் நாள் எல்லாம் முறையாகச் செய்தார்கள், அவர் தன் வீட்டுக்கு வந்து தன் இலையில் சாப்பிட்டுப் போயிருப்பார். அன்று அந்தக் கதவுக்கு வெளியே எல்லாரும் நின்றார்கள், நான் மட்டும் இல்லை. இன்று ஒரு கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன், அது அவருடைய வீடும் இல்லை, என்னுடையதும் இல்லை. இந்தத் தெருவின் பெயரை அவரால் வாசிக்க முடியாது. கேட்டு வருவதற்கு அவருக்கு இந்தப் பாஷையும் தெரியாது.

ரேஜான் கைகளை உரசிக்கொண்டார். கதவுக் கைபிடியில் கையை வைத்து, “ஓன் ராந்த்ர்?” என்று கேட்டார். உள்ளே போவோமா என்று.

“கொஞ்சம் பொறுங்க” என்றேன். தமிழில்தான் வந்தது, நானும் மாற்றவில்லை. “அவர் வாற தூரம் கூட.”

ரேஜான் கைபிடியிலிருந்து கையை எடுத்தார்.